இடையில் உள்ள 55 மில்லிமீற்றர்

(நூற்றாண்டு விழாவின் பழைய மாணவியர் ஒன்றுகூடலில், கல்லூரித் தொலைகாட்டிக் குழுவின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



இந்த மண்டபத்துக்குள் நுழையும்போது வலப்பக்கச் சுவரில் ஒரு பெரிய படத்தைக் கண்டிருப்பீர்கள். சிவப்பும் நீலமும் கலந்த புகை போன்ற ஒன்று. அதன் நடுவில் நெருக்கமாக நான்கு வெள்ளிகள். காலையிலிருந்து எங்களிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: “இது இன்ரநெற்றிலை இருந்து எடுத்ததோ?” இல்லை, சகோதரிகளே. அது ஒரியன் நெபுலா. திருவாதிரை வெள்ளி நிற்கும் அதே கூட்டத்தில், மூன்று வெள்ளிகள் வரிசையாகத் தெரியுமே, அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கும் ஒளிமேகம். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது. படம் எடுக்கப்பட்டது எங்கள் வலைப்பந்தாட்ட மைதானத்திலிருந்து. எடுத்தவர்கள் உயர்தர வகுப்பு மாணவிகள்.

அது எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்லும்படி விழாக்குழு எங்களுக்கு 20 நிமிடம் தந்திருக்கிறது. நிகழ்ச்சி நிரலில் “தொலைகாட்டியும் கைடிங்கும்” என்று போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு எமக்கு மூத்த அக்கா ஒருவர், “நானும் கைட்ஸிலை இருந்தனான், முடிச்சுப் போடுறது ஒண்டும் இன்னும் மறக்கேல்லை” என்று மகிழ்ச்சியோடு முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கிறார். அக்கா, மன்னிக்க வேண்டும். இது வேறு கைடிங். ஆனாலும் முடிச்சுப் போடும் வேலை ஒன்று இதிலும் உண்டு. அந்த இடம் வரும்போது உங்களை நினைத்துக்கொள்வோம்.

நாங்கள் ஐந்து பேர். 1990களின் முதற்பாதியில் இங்கே உயர்தரம் படித்தவர்கள். எங்களில் ஒருத்தி இன்று இதே கல்லூரியில் பௌதிகவியல் கற்பிக்கிறாள். இன்னொருத்தி யாழ்ப்பாண நகரில் வங்கியொன்றில் வேலை செய்கிறாள். மற்ற மூவரும் லண்டன், ரொறன்ரோ, மெல்பேண் என்று மூன்று திசையில்.

1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றதை எங்கள் வயதினருக்கு நினைவூட்டத் தேவையில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். அந்த நாட்களில் எங்கள் பௌதிகவியல் ஆசிரியை விடுதிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போய் வானத்தைக் காட்டுவார். “லைற் இல்லை எண்டு எல்லாரும் அழுகினம். இதுக்கு லைற் இல்லாததுதான் வேணும்” என்பார். கார்த்திகைக் கூட்டத்தில் எத்தனை வெள்ளி தெரிகிறது என்று கேட்பார். கேள்வியை எப்போதும் கடைசி வாங்கின் மூலையில் இருக்கும் பிள்ளையிடமிருந்துதான் தொடங்குவார். ஆய்வுகூடத்தில் சிறிய தொலைகாட்டி ஒன்று இருந்தது. அதில் சனியின் வளையத்தைக் கண்ட இரவை நாங்கள் ஐவரும் மறக்கவில்லை. 1995 இடப்பெயர்வுக்குப் பின்பு திரும்பி வந்தபோது அந்தத் தொலைகாட்டி இருக்கவில்லை.

அதற்கு ஈடு செய்ய வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது. 2016இல் வெளிநாட்டில் இருந்த மூவரும் பணம் சேர்த்து ஒரு தொலைகாட்டி அனுப்பினோம். 80 மில்லிமீற்றர் வில்லை, 600 மில்லிமீற்றர் குவியத்தூரம், வானம் சுழலும் வேகத்தில் தானும் சுழலும் மோட்டார் பூட்டிய தாங்கி. கையளிப்பு வைபவம் நடந்தது. மாலை, படம், பத்திரிகைச் செய்தி எல்லாம் சிறப்பாக நடந்தன. அதன்பின் அந்தப் பெட்டிகள் ஆய்வுகூட அலுமாரிக்குள் போயின. 3 வருடம் அங்கேயே இருந்தன.

யாரையும் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. குறை எங்களுடையது. பொருளை அனுப்பினோம், அதை எப்படிப் பொருத்துவது, எதை எதோடு இணைப்பது என்று ஒருவரும் வந்து காட்டவில்லை. விலை உயர்ந்த பொருள், உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஆசிரியைகள் அதைத் தொடவில்லை. அலுமாரி பூட்டியிருந்த காலத்தில் உயர்தரப் பிள்ளைகள் பலர் அதைக் காணாமலே கல்லூரியை விட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நாங்கள் இன்றும் கடன்பட்டிருக்கிறோம்.

2019 டிசம்பர் 26ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது. 2010 ஜனவரி 15ஆம் திகதிக்குப் பின்பு ஒரு பத்தாண்டுக்குள் எமக்குக் கிடைத்த இரண்டாவது வளையம். விடுமுறையிலும் பிள்ளைகள் வந்து, “கல்லூரியிலை தொலைகாட்டி இருக்காமே?” என்று கேட்டார்கள். அலுமாரியைத் திறந்தோம். முன்பக்கத்தில் பூட்டும் சூரிய வடிகட்டி பெட்டிக்குள் இல்லை. நாங்கள் அனுப்பவே இல்லை. அந்த வடிகட்டி இல்லாமல் சூரியனை நோக்கித் தொலைகாட்டியைத் திருப்பினால் கண் போய்விடும். ஆகவே பெட்டியை மறுபடி மூடிவிட்டு, மட்டையில் ஊசித்துளை போட்டு, நிலத்தில் விழுந்த சிறு வளையங்களைப் பார்த்தோம். அன்று வெட்கப்பட்டுப் போனோம். இனி இதைப் பொருத்திக் காட்டாமல் விடுவதில்லை என்று ஐவரும் முடிவு செய்தது அன்றுதான்.

கண்ணால் பார்ப்பது சுலபமாகவே கைகூடியது. சந்திரன், வியாழன், சனி. ஆனால் பிள்ளைகள் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. இடையில் கொரோனா வந்து பாடசாலையை மூடியது. அந்தக் காலத்தில் நாங்கள் வீட்டில் இருந்தபடியே படித்தோம். 2021 இறுதியில்தான் கையில் எடுத்தோம்.

முதலில் கமரா. நகரத்து ஸ்ரூடியோ ஒன்றில், கலியாண வீடுகளில் படம் எடுத்து ஓய்ந்துபோன பழைய கனன் கமராவை வாங்கினோம். அதன் வில்லையைக் கழற்றிவிட்டால், தொலைகாட்டியே அதன் வில்லையாகிவிடும். ஆனால் இரண்டையும் இணைக்க ஒரு வளையம் வேண்டும். அதற்கு ரி-வளையம் என்று பெயர். ஒரு பக்கம் கமராவின் வாயில் பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் திருகுபுரி. எங்கள் பெட்டியில் வந்திருந்தது நிக்கோன் கமராவுக்கான வளையம். முதல் மாதம் அதிலேயே போயிற்று.

கனனுக்குரிய வளையம் எடுப்பித்தோம். அடுத்த தடை. படத்தின் ஓரங்கள் வரை கூர்மையாக விழுவதற்காகத் தொலைகாட்டியின் பின்புறத்தில் வில்லைத்தொகுதி ஒன்று பூட்டுவார்கள். சமதளமாக்கி என்று நாங்கள் அதை அழைக்கிறோம். எங்களுடையது குவியத்தூரத்தையும் 0.85 மடங்காகக் குறைத்து 510 மில்லிமீற்றர் ஆக்குகிறது. அதன் புரி 48 மில்லிமீற்றர். நாங்கள் எடுப்பித்த வளையத்தின் புரி 42 மில்லிமீற்றர். ஒன்றோடு ஒன்று சேராது. டொலர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். வேறு வளையம் எடுப்பிக்க மனம் வராமல், லேத் பட்டறை ஒன்றுக்குப் போய் இடையில் ஓர் இணைப்பு வளையம் கடைந்து தரும்படி கேட்டோம். இந்தப் புரிகளின் இடைவெளி 0.75 மில்லிமீற்றர். முதல் தடவை 1 மில்லிமீற்றரில் வெட்டிவிட்டார். ஒன்றரைச் சுற்றில் இறுகி நின்றுவிட்டது. இரண்டாம் தடவை அழகாகப் பொருந்தியது. எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி.

படம் எடுத்தோம். நடுவில் வெள்ளிகள் புள்ளி புள்ளியாக இருந்தன. நான்கு மூலைகளிலும் வாழைப்பழம் போல வளைந்திருந்தன. வில்லை பழுது என்றோம். ஈரப்பதன் என்றோம். கமரா பழசு என்றோம். பல இரவு இப்படிப் போயிற்று. 12ஆம் தரத்து மாணவி ஒருத்தி மறுநாள் பகலில் ஆய்வுகூடத்துக்கு வந்து, எல்லாவற்றையும் கழற்றி, உயர்தரத்தில் முதல் செய்முறையாக நாமெல்லோரும் பிடித்த அதே வேணியர் இடுக்கிமானியால் ஒவ்வொன்றாக அளந்தாள்.

கணக்கு இதுதான். சமதளமாக்கியின் பின்விளிம்பிலிருந்து கமராவுக்குள் இருக்கும் உணரி வரை 55 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கனன் கமராவின் வாயிலிருந்து உணரி வரை 44. ரி-வளையம் 11. கூட்டினால் 55. நிக்கோனுக்கு 46.5, அதன் வளையம் 8.5, அதுவும் 55. எந்தக் கமராவானாலும் கடைசியில் 55 வரும்படிதான் அந்த வளையங்களைச் செய்கிறார்கள். நாங்கள் கடைந்த இணைப்பு வளையம் மேலதிகமாக 3 மில்லிமீற்றர் தடிப்பைச் சேர்த்துவிட்டது. 58 ஆகிவிட்டது. தூரம் கூடினால் மூலை வெள்ளிகள் மையத்தைச் சுற்றி வளையும். தூரம் குறைந்தால் மையத்திலிருந்து வெளிநோக்கி இழுபடும். எங்கள் மூலைகள் முதல் நாளிலிருந்தே விடையைச் சொல்லிக்கொண்டிருந்தன. நாங்கள்தான் நடுவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

லண்டனில் இருந்தவள் 48 மில்லிமீற்றர் புரியுள்ள கனன் வளையம் ஒன்றை வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கடித உறையில் போட்டுக் கொடுத்துவிட்டாள். 2016இல் பெட்டி பெட்டியாக அனுப்பினோம். அவை வேலை செய்வதற்கு வேண்டியிருந்தது ஒரு கடித உறைக்குள் அடங்கியது.

இனிக் கைடிங்கிற்கு வருவோம். வானம் ஒரு செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது. தாங்கி நகராமல் நின்றால், எங்கள் கமராவில் ஒரு நிமிடத்துக்குள் ஒரு வெள்ளி 500க்கு மேற்பட்ட படப்புள்ளிகளைக் கடந்து கோடாகிவிடும். அதற்காகத்தான் மோட்டார். ஆனால் மோட்டார் திருப்பும் பற்சக்கரம் மனிதர் செய்தது. எங்கள் தாங்கியின் சக்கரத்தில் 180 பற்கள். பூமியின் ஒரு சுழற்சி 23 மணி 56 நிமிடம். வகுத்துப் பார்த்தால் ஒரு பல்லைக் கடக்க ஏறத்தாழ 8 நிமிடம். ஒவ்வொரு 8 நிமிடத்திலும் தாங்கி சற்று முந்தும், சற்றுப் பிந்தும். 3 நிமிடப் படத்தில் வெள்ளி முட்டையாகிவிடும்.

இதைத் திருத்துவதற்குப் பெரிய தொலைகாட்டியின் முதுகில் சின்னத் தொலைகாட்டி ஒன்றைப் பூட்டுகிறோம். குவியத்தூரம் 120 மில்லிமீற்றர். அதன் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கமரா. அது அழகான படம் எடுப்பதற்கு அல்ல. ஒரே ஒரு வெள்ளியைப் பிடித்துவைத்து, இரண்டு செக்கனுக்கு ஒருமுறை “இருக்கிறதா, விலகிவிட்டதா” என்று பார்ப்பதுதான் அதன் வேலை. விலகினால் மடிகணினியில் உள்ள மென்பொருள் தாங்கிக்குச் சொல்லும்: இத்தனை மில்லிசெக்கன் இந்தப் பக்கம் தள்ளு. மென்பொருளின் பெயர் பி.எச்.டி. 2. இலவசமாகவே கிடைக்கிறது. நம் சங்கத்தில் பி.எச்.டி. பட்டம் பெற்றோர் பலர் இருக்கிறார்கள்; இதுவும் இரவிரவாகக் கண் விழிக்கும் வேலைதான்.

தாங்கியின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். குளிர்நாட்டு நூல்களில் துருவ வெள்ளியைப் பார்த்து அச்சைத் திருப்பச் சொல்வார்கள். லண்டனில் அது வானத்தின் பாதிக்கு மேலே நிற்கும். எமக்கு அது அடிவானத்திலிருந்து 10 பாகை கூட இல்லை; பனைகளுக்குப் பின்னால் நிற்கிறது. அச்சு கிட்டத்தட்டப் படுத்திருப்பதால் சமநிலைக் குண்டு பூட்டிய தண்டு வடக்குக் காலில் போய் இடித்தது. முக்காலியைத் திருப்பி, வடக்கே இரண்டு காலும் தெற்கே ஒரு காலுமாக வைத்தோம். வடக்கே தெரியாத துருவத்தை, தெற்கேயும் கிழக்கேயும் உள்ள வெள்ளிகள் எந்தப் பக்கம் மெல்ல வழுவுகின்றன என்று அதே மென்பொருளில் பார்த்துப் பார்த்துத் திருத்திக்கொண்டோம். முதல் இரவில் 2 மணிநேரம் எடுத்தது. இப்போது பிள்ளைகள் அரை மணிநேரத்தில் முடித்துவிடுகிறார்கள்.

அடுத்தது வயர்கள். இங்கே எங்கள் பெரிய தவறு ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வழிகாட்டும் கமராவையும் தாங்கியையும் நேரடியாக இணைக்க எஸ்.ரி.-4 என்ற ஒரு வயர் உண்டு. தொலைபேசி வயர் போன்ற பிளக். எங்கள் தாங்கியில் அதே அளவில் இரண்டு துளைகள் அருகருகே இருக்கின்றன. ஒன்று கைடிங்கிற்கு, மற்றது 12 வோல்ற் வரும் வேறு வேலைக்கானது. இருட்டில், அவசரத்தில், எங்களில் ஒருத்தி அந்தப் பிளக்கை மற்றத் துளையில் செருகினாள். கமரா அன்றோடு முடிந்தது. பக்கத்தில் நின்ற பிள்ளை, “மிஸ், அது மற்ற ஓட்டை எல்லோ?” என்று சொல்ல வாயெடுத்தாளாம், எங்களுக்குத் தெரியாதா என்று எண்ணிப் பேசாமல் நின்றுவிட்டாளாம். கமரா போனதைவிட அதுதான் எங்களை அதிகம் சுட்டது.

அதன்பின் 3 சட்டங்கள் செய்தோம். இருட்ட முன்பு எல்லா வயர்களும் பூட்டி முடிய வேண்டும். ஒவ்வொரு பிளக்கிலும் அதன் துளையிலும் ஒரே நிற நூல் கட்டியிருக்க வேண்டும். யாராவது ஒரு பிள்ளை “நில்லுங்கோ” என்றால், அதிபராக இருந்தாலும் கையை எடுக்க வேண்டும். எஸ்.ரி.-4 வயரையும் விட்டுவிட்டோம். இப்போது மடிகணினியிலிருந்து யூ.எஸ்.பி. வழியாகவே தாங்கிக்குக் கட்டளை போகிறது.

புதிய கமரா மெல்பேணிலிருந்து வந்தது. பூட்டினோம். திரையில் ஓடும் வரைபு வாள்பல் போல ஏறி இறங்கியது. அரைச் செக்கனுக்கு ஒருமுறை பார்க்கும்படி வைத்திருந்தோம். எவ்வளவு அடிக்கடி திருத்துகிறோமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம். உண்மை அப்படியல்ல. காற்றின் சலனத்தால் வெள்ளி எப்போதும் சற்று மினுங்கும். அந்த மினுக்கத்தை எல்லாம் பிழை என்று எடுத்துத் தாங்கியைத் தள்ளினால், தாங்கி நிம்மதியாக ஓடாது. 2 செக்கனாகக் கூட்டினோம். கண்ட விலகலில் முழுவதையும் திருத்தாமல் 70 வீதத்தை மட்டும் திருத்தும்படி குறைத்தோம். மிகச் சிறிய அசைவுகளைக் கண்டும் காணாமல் விடும்படி சொன்னோம். வரைபு அமைதியாயிற்று. பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆனால் தாங்கிக்குச் செய்ததைப் பிள்ளைகளுக்குச் செய்ய எங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை. திருகுகளை நாங்கள்தான் இறுக்கினோம். மடிகணினி எங்கள் மடியில்தான் இருந்தது.

அதை மாற்றியது 2022 மார்ச் கடைசி. நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை. எங்களால் மாலையில் கல்லூரிக்கு வர முடியவில்லை. அமாவாசையை ஒட்டிய இரவுகள். நகரமே இருண்டு கிடந்தது. நாங்கள் 1990களில் கண்ட அதே வானம். விடுதியில் இருந்த ஐந்தாறு பிள்ளைகள் விடுதி மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, கல்லூரி வானின் பற்றரியைக் கழற்றி, தாங்களாகவே எல்லாவற்றையும் பூட்டியிருக்கிறார்கள். நாங்கள் வீட்டில் நித்திரை கொள்ளாமல் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

இரவு பத்து மணிக்கு அழைப்பு வந்தது. எதையோ உடைத்துவிட்டார்கள் என்றே நினைத்தோம். “மிஸ், வரைபு நேராத்தான் ஓடுது. ஆனா படத்திலை வெள்ளி எல்லாம் ஒரே பக்கமா இழுபடுது. சின்னத் தொலைகாட்டி சரியாத்தான் பாக்குது. ஆனா அது பெரிசோடை சேர்ந்து நிக்கேல்லை. அது வேறை அசையுது, இது வேறை அசையுது.” நாங்கள் நூலில் படித்தும் எங்கள் கருவியில் காணாத பிழை. சின்னத் தொலைகாட்டியை ஒற்றைத் திருகில் பூட்டியிருந்தோம். தொலைகாட்டி மேற்கே சாயச் சாய அது தன் பாரத்தாலும் தொங்கும் வயரின் இழுவையாலும் மயிரிழை அளவு சரிந்திருக்கிறது. தான் பிடித்த வெள்ளியை அது விடவே இல்லை. ஆனால் பெரிய தொலைகாட்டி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

“இப்ப என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டோம். “செய்திட்டம் மிஸ்” என்றார்கள். தலைப்பின்னலில் கட்டும் பாடசாலை றிபன்களைக் கழற்றி, வயர்களை எல்லாம் ஒரே கட்டாகக் குழலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்களாம். சின்னத் தொலைகாட்டிக்கும் இரண்டு இடத்தில் றிபன் முடிச்சு. அக்கா, நீங்கள் எதிர்பார்த்த முடிச்சு இதுதான். பிறகு உலோக வளையங்கள் இரண்டு போட்டு ஒழுங்காகப் பூட்டினோம். வயர்களுக்கு மட்டும் இன்றும் றிபன்தான்.

சுவரில் உள்ள படம் 2023 பெப்ரவரியில் எடுக்கப்பட்டது. முதலில் எல்லாப் பாகங்களையும் பூட்டி, அதன் பின்பே சமநிலை பார்த்தார்கள். பைல் மட்டையில் கோடு கோடாக வெட்டிய பஹ்தினோவ் மறைப்பைத் தொலைகாட்டியின் வாயில் வைத்துக் குவியம் சரிசெய்தார்கள். பனி படியாமல் வில்லையைச் சுற்றி வெப்பப்பட்டி கட்டினார்கள். 3 நிமிடப் படங்கள் 30. மொத்தம் ஒன்றரை மணிநேரம். நடுப்பகுதி வெளிறிப்போகாமல் இருக்க 10 செக்கன் படங்கள் சில. எல்லாவற்றையும் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். நாங்கள் அங்கே நின்றோம். ஒரு திருகையும் தொடவில்லை.

அந்தப் படத்தின் முதற்பிரதியை எங்கள் ஆசிரியையின் வீட்டுக்குக் கொண்டுபோனோம். அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. பார்வை மங்கிவிட்டது. படத்தைக் கண்ணுக்கு மிக அருகில் பிடித்து, நடுவில் இருக்கும் ஒளிமேகத்தைப் பாராமல், நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: “மூலையிலை இருக்கிற வெள்ளியும் வட்டமாத்தான் இருக்கு.” வேறொன்றும் சொல்லவில்லை. எங்களுக்கு அதற்கு மேல் ஒரு பரிசு வேண்டியிருக்கவில்லை.

இன்னுமொரு செய்தி. தெற்கு வானில் ஒமேகா சென்ரோரி என்ற வெள்ளிக்கொத்து இருக்கிறது. பல இலட்சம் வெள்ளிகள் ஒரு பந்தாகத் திரண்டது. யாழ்ப்பாணத்தில் அது அடிவானத்துக்கு மேலே 33 பாகை வரை ஏறும். ரொறன்ரோவில் அது எழும்புவதே இல்லை; லண்டனிலும் இல்லை. ஒரு ஏப்ரல் இரவில் பிள்ளைகள் தொலைகாட்டியை அதன் பக்கம் திருப்பி, மடிகணினித் திரையைக் காணொளியில் காட்டினார்கள். ரொறன்ரோவில் அப்போது பகல்நேரம். எங்கள் தோழி வேலைத்தல மதிய இடைவேளையில், காருக்குள் இருந்துகொண்டு, 30 வருடமாகக் காணாத வானத்தைப் பார்த்தாள். அவளுக்கு அன்று அதைக் காட்டியவர்கள், அவள் பணம் அனுப்பிய பிள்ளைகள்.

அன்பான சகோதரிகளே, நூற்றாண்டை முன்னிட்டுக் கல்லூரிக்கு என்ன அனுப்பலாம் என்று பலர் எங்களைக் கேட்கிறீர்கள். உங்கள் அன்புக்கு நன்றி. தொலைகாட்டிக்கு மட்டுமன்றி எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று நம்பி மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, அனுப்ப முன்பு கேளுங்கள். எங்கள் கருவிகளின் புரி அளவு, தூரம், வோல்ற்றளவு, பிளக் வகை எல்லாவற்றையும் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். கேட்டால் அனுப்புவோம்.

இரண்டாவது, சின்னப் பொருட்களை நினையுங்கள். பெரிய பெட்டிக்குக் கையளிப்பு வைபவம் உண்டு. வளையத்துக்கும் வயருக்கும் இல்லை. ஆனால் பெட்டியைப் பூட்டி வைத்திருந்தது வளையம் இல்லாத குறைதான்.

மூன்றாவது, பொருளோடு உங்கள் நேரத்தையும் தாருங்கள். மாதத்தில் ஒரு மணிநேரம் காணொளியில் வாருங்கள். பிள்ளைகள் பூட்டும்போது பார்த்துக்கொண்டிருங்கள். விலகினால் மெல்லச் சொல்லுங்கள். எல்லா மினுக்கத்தையும் திருத்தப் போகாதீர்கள். அவர்கள் “நில்லுங்கோ” என்றால் நில்லுங்கள்.

இன்று இரவு 7 மணிக்கு வலைப்பந்தாட்ட மைதானத்தின் விளக்குகளை அணைக்க அதிபர் அனுமதி தந்திருக்கிறார். தொலைகாட்டியை மாலையிலேயே பிள்ளைகள் பூட்டி வைத்திருப்பார்கள். முகில் இல்லாவிட்டால் எல்லோரும் வாருங்கள். சேலைத் தலைப்பைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வயர்களில் கால் வைத்துவிடாதீர்கள். அவற்றில் றிபன் கட்டியிருக்கும்.